அரைநாள் வேலைக்குப் போகிறவர் உதவித்தொகை கேட்கலாமா?

சகோதரி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஊர், வயது 39, ஐந்து ஆண்டுகளாக முடக்குவாதம். திருபுவனத்தில் ஒரு பட்டுக்கடையில் காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை கணக்கு எழுதுகிறீர்கள், மாதம் 7,000 ரூபாய். முன்பு முழுநாள் இருந்த வேலை, விரல்கள் மடங்க மறுத்ததால் அரைநாளாகச் சுருங்கியது. மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமா, விண்ணப்பித்தால் இந்த வேலையை விட்டுவிட வேண்டுமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: 'வேலைக்குப் போய்க்கொண்டே கேட்டால் ஊரில் ஏமாற்றுக்காரி என்று சொல்ல மாட்டார்களா?' நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலை பார்ப்பது குற்றம் அல்ல. உடம்பில் குறை இல்லை என்பதற்கு அது அத்தாட்சியும் அல்ல. வேலை பார்ப்பதை மறைத்து எழுதினால்தான் வம்பு.

என்னைப் பற்றி இரண்டு வரி. வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தேன். அதில் ஒரு பகுதி வருவாய் ஆய்வாளராக ஊர் ஊராக விசாரணைக்குப் போன காலம். கடைசி ஆறு ஆண்டுகள் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில், அதாவது முதியோர், கைம்பெண், மாற்றுத்திறனாளி ஓய்வூதிய மனுக்கள் வந்து குவிகிற மேசையில். ஓய்வு பெற்ற பிறகும் மனு எழுதித் தரச் சொல்லி ஆள் வருகிறார்கள். நான் மருத்துவர் அல்ல. உங்கள் விரலுக்கு எத்தனை சதவீதம் கிடைக்கும் என்று என்னிடம் கேட்டால் என்னால் சொல்ல முடியாது, அதைக் கையைப் பிடித்துப் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல வேண்டும். காகிதம் எந்த மேசைக்குப் போகிறது, அங்கே எதைப் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இதில் இரண்டு வெவ்வேறு காரியங்கள் இருக்கின்றன. ஒன்று, நீங்கள் மாற்றுத்திறனாளி என்று மருத்துவர் தரும் சான்று. மற்றொன்று, அந்தச் சான்றை வைத்துக்கொண்டு கேட்கிற பணம். சான்று தருகிறவர் உங்கள் வேலையைப் பார்ப்பதில்லை, உடம்பைப் பார்க்கிறார். பணம் தருகிறவர் உடம்பைப் பார்ப்பதில்லை, சான்றையும் குடும்ப நிலையையும் பார்க்கிறார். ஜனங்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, பணம் கிடைக்காது என்று யாரோ சொன்னதால் சான்றே வாங்காமல் ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். சான்றுக்கு வருமான வரம்பு கிடையாது. வங்கி மேலாளரும் வாங்கலாம், வயல் கூலியும் வாங்கலாம். அதனால் உங்கள் விஷயத்தில் முதல் வேலை சான்றுதான். பணத்தைப் பிறகு பார்க்கலாம்.

சான்றுக்கு அடிப்படை 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1995 ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. இப்போது 21. நாள்பட்ட நோய்க்காரர்கள் இந்த 21 என்ற எண்ணைக் கேட்டதும் நம் நோயும் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தசைச்சிதைவு, தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் சோகை, மனநோய் எல்லாம் பெயரோடு அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சர்க்கரை நோய் இல்லை. இதய நோய் இல்லை. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறவரின் சிறுநீரகச் செயலிழப்பும் இல்லை. இது நியாயமா என்றால், என் கணக்கில் நியாயம் இல்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முடித்துவிட்டு, நிற்க முடியாமல் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்களைப் பார்த்தவன் நான். ஆனாலும் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது.

முடக்குவாதம், பழைய மனிதர்கள் சரவாங்கி என்று சொல்வார்களே, அதுவும் பட்டியலில் பெயரால் இல்லை. இங்கேதான் பலர் மனம் தளர்ந்து திரும்பிவிடுகிறார்கள். உங்கள் வழி வேறு. பட்டியலில் 'இயக்கக் குறைபாடு' என்று ஒன்று இருக்கிறது. கை கால்களை அசைத்துச் செய்ய வேண்டியதைச் செய்ய முடியாத நிலை அது. அது போலியோவால் வந்ததா, விபத்தால் வந்ததா, முடக்குவாதத்தால் வந்ததா என்பது இரண்டாவது விஷயம். நோயின் பெயருக்குச் சான்று தர மாட்டார்கள், நோய் உங்கள் மூட்டுகளில் விட்டுச் சென்றிருக்கிற நிலையான குறைக்குத் தருவார்கள். ஆகவே 'எனக்கு முடக்குவாதம்' என்று போய் நின்றால் மருந்துச் சீட்டு கிடைக்கும். 'இந்த மணிக்கட்டு இவ்வளவுதான் மடங்குகிறது, இந்த விரல்கள் நீளவில்லை, முழங்கால் உட்கார்ந்து எழ விடவில்லை' என்று போனால் அளந்து பார்ப்பார்கள்.

அளப்பது எப்படி என்பதையும் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்டு, 2024 மார்ச்சில் திருத்திய மதிப்பீட்டு நெறிமுறை ஒன்று இருக்கிறது. மூட்டு எவ்வளவு தூரம் அசைகிறது, தசைக்கு எவ்வளவு பலம், பொத்தான் போடுவது, எழுதுவது, உட்கார்ந்து எழுவது போன்ற காரியங்கள் எவ்வளவு முடிகின்றன என்று மதிப்பெண் போடுவார்கள். இரண்டு மதிப்பெண்களைச் சேர்க்கும்போது நேராகக் கூட்ட மாட்டார்கள். பெரியதை அப்படியே வைத்துக்கொண்டு, தொண்ணூறில் அது போக மீதி எவ்வளவோ அந்த விகிதத்தில்தான் சிறியதைச் சேர்ப்பார்கள். 30 சதவீதமும் 20 சதவீதமும் சேர்ந்தால் 50 அல்ல, சுமார் 43. 'இரண்டையும் கூட்டினால் ஐம்பது வருகிறதே, டாக்டர் குறைத்துப் போட்டுவிட்டார்' என்று என் மேசையில் வந்து சண்டை போட்டவர்கள் உண்டு. குறைத்துப் போடவில்லை, கணக்கே அதுதான். 40 சதவீதத்தைத் தொட்டால்தான் பெரும்பாலான சலுகைகளுக்குக் கதவு திறக்கும். இப்போது தரும் யுடிஐடி அட்டையில், அதாவது மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள அட்டையில், 40க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம் என்று நிறம் பிரித்திருக்கிறார்கள்.

களைப்பும் வலியும் அந்த அளவுகோலில் பெரும்பாலும் நழுவிவிடும். காலையில் ஒன்றரை மணி நேரம் விரல்கள் கட்டைபோல் இறுகிக் கிடப்பதாகவும், பதினொரு மணிக்கு மேல் ஓரளவு இளகுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை இரவு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை போட்டால் ஞாயிறு முழுவதும் குமட்டலில் படுத்துக் கிடக்கிறீர்கள். மருத்துவர் உங்களைப் பார்ப்பது புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு, மாத்திரையும் இறுக்கமும் விலகிய நல்ல நேரத்தில். அவர் பார்க்கிற கை வேறு, நீங்கள் காலை ஆறு மணிக்குப் பால் பாக்கெட்டைப் பிரிக்க முடியாமல் பல்லால் கடிக்கிற கை வேறு. நாள்பட்ட நோய்க்காரர்களுக்குச் சான்று விஷயத்தில் இருக்கிற பெரிய இடையூறு இதுதான். கூடவே நம் பக்கத்து மரியாதையும் சேர்ந்துகொள்கிறது. 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று யார் கேட்டாலும் 'நன்றாக இருக்கிறேன்' என்பதுதான் நமக்குப் பழக்கமான பதில். மருத்துவர் கேட்டாலும் 'பரவாயில்லை டாக்டர்' என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அந்தப் 'பரவாயில்லை' பல பேருக்கு மதிப்பெண்ணைக் கெடுத்திருக்கிறது.

இதை நான் அறிவுரையாகச் சொல்லவில்லை. நானே செய்த ஒரு பிழை இருக்கிறது. வருவாய் ஆய்வாளராக இருந்தபோது ஒரு பெண்மணியின் ஓய்வூதிய மனு விசாரணைக்கு வந்தது. சான்று இருந்தது, சதவீதமும் சரியாக இருந்தது. குறுவை அறுப்பு முடிந்த நேரம். நான் சைக்கிளில் அந்தத் தெருவுக்குள் நுழையும்போது அவர் இடுப்பில் குடத்தோடு அடிபம்பிலிருந்து வந்துகொண்டிருந்தார். பேசினேன். 'எப்படிம்மா இருக்கிறீர்கள்?' 'நன்றாக இருக்கிறேன் ஐயா, காபி சாப்பிடுகிறீர்களா?' காபியையும் குடித்துவிட்டு வந்து, 'மனுதாரர் நடமாடும் நிலையில் உள்ளார், வீட்டு வேலைகளைச் செய்கிறார், பரிந்துரைக்க இயலவில்லை' என்று எழுதினேன். மனு தள்ளுபடி. அடுத்த மார்கழியில் வேறு ஒரு விசாரணைக்காக அதே தெருவுக்குக் காலை ஏழு மணிக்குப் போக வேண்டியிருந்தது. அந்தத் தெருவில் எல்லா வாசலிலும் கோலம் இருந்தது, அவர் வாசலில் மட்டும் வெறும் சாணித் தண்ணீர் தெளித்திருந்தது. உள்ளே அவருடைய மாமியார் அவருக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். குடம் தூக்கிய நாளில் அவருக்கு உடம்பு நன்றாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். என் குறிப்பில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஆனால் ஒரு மணி நேரத்தைப் பார்த்துவிட்டு ஒரு வருடத்துக்குத் தீர்ப்பு எழுதியிருந்தேன். மறுபடி மனு போடச் சொன்னேன், இரண்டாம் முறை கிடைத்தது. இடையில் போன பதினான்கு மாதத் தொகை போனதுதான்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒரு மாதத்துக்குத் தினமும் மூன்று வரி எழுதுங்கள். எத்தனை மணிக்குக் கை இளகியது, எதைச் செய்ய முடியவில்லை, யாரைக் கூப்பிட்டீர்கள். தலைவாரிக்கொள்ள மகள் உதவினாளா, பேருந்தில் படியேற யாராவது கை கொடுத்தார்களா, கடையில் புடவையைப் பிரித்து மடிக்கிற வேலையைச் செய்ய முடிகிறதா, அல்லது பேனா மட்டும்தானா. விரல் வலியோடு எழுதச் சொல்கிறேனே என்று கோபிக்க வேண்டாம், மகளை எழுதச் சொல்லலாம். மருத்துவர் அந்த நோட்டை வாங்கிப் படிப்பார் என்று நான் உறுதி கூற மாட்டேன். பெரும்பாலும் படிக்க மாட்டார், வெளியே வரிசை நிற்கும். ஆனால் ஒரு மாதம் எழுதிய பிறகு உங்கள் வாயில் 'பரவாயில்லை' வராது, 'வாரத்தில் நாலு நாள் காலையில் டம்ளர் பிடிக்க முடிவதில்லை' என்று வரும்.

இனிப் பணம். தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு இடங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தருவது பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். இது எல்லோருக்கும் அல்ல. 75 சதவீதமும் அதற்கு மேலும் கடும் பாதிப்பு உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு, பார்க்கின்சன், தண்டுவடப் பாதிப்பு போன்ற குறிப்பிட்ட வகையினருக்கு மட்டும். அங்கே முதன்மையாகப் பார்ப்பது பாதிப்பின் வகையையும் அளவையும்தான். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இன்றைய நிலையில் அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது என்றே நினைக்கிறேன். திறக்காமல் இருப்பது நல்லதும்கூட. அடுத்தது வருவாய்த் துறை தருகிற மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்ந்தது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 40 சதவீதச் சான்று வேண்டும். இதே குடையின் கீழ் மத்திய அரசின் இந்திரா காந்தி பெயரிலான திட்டமும் ஓடுகிறது. அதற்கு 80 சதவீதமும் வறுமைக்கோட்டுக்குக் கீழான குடும்பமும் நிபந்தனை. இரண்டு துறைகளிலும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது. வேறு எங்கும் உதவித்தொகை வாங்கவில்லை என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் சரிபார்ப்பார்.

இந்த இரண்டாவதில்தான் உங்கள் வேலை பேச்சுக்கு வரும். இது ஏழைகளுக்கான திட்டம், திட்டத்தின் பெயரிலேயே 'ஆதரவற்ற' என்ற சொல் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. இ-சேவை மையத்தில் பதிவு செய்த மனு, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஏறி, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் முடிவுக்குப் போகும். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். குடும்பத்தில் யார் சம்பாதிக்கிறார்கள், நிலம் எவ்வளவு, வீடு எப்படி என்றெல்லாம் பார்ப்பார்கள். என் மேசையில் இருந்த காலத்தில், மாதம் ஆறாயிரம் ஏழாயிரம் கிடைக்கிற அரைநாள் வேலை ஒன்றை மட்டும் காரணம் காட்டி நான் மனுவைத் தள்ளியதில்லை. நிரந்தரச் சம்பளக்காரர் வீட்டில் இருந்தால் தள்ளியிருக்கிறேன். வேறு அதிகாரி வேறு மாதிரி எடைபோடலாம், குடும்ப நிலையை எடைபோடுகிற இடத்தில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கும். உங்கள் கணவரின் வருமானத்தை நீங்கள் எழுதவில்லை. உங்கள் 7,000 ரூபாயைவிட அதுதான் முடிவைத் தீர்மானிக்கும் என்று நினைக்கிறேன். தள்ளுபடி வந்தால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள், கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள், திங்கட்கிழமை குறைதீர் கூட்டமும் இருக்கிறது.

உங்கள் அத்தை மகள் லண்டனிலிருந்து 'வாரத்துக்கு 16 மணி நேரத்துக்குள் வேலை பார்த்தால் பிரச்சினை இல்லை' என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது பொய் இல்லை. அங்கே ஒரு உதவித்தொகைக்கு அப்படி ஒரு மணிக்கணக்கு வரம்பு உண்டு. ஆனால் அது அந்த நாட்டுத் திட்டத்தின் விதி. இங்கே நம் ஓய்வூதியத்தில் வாரத்துக்கு இத்தனை மணி என்ற கோடு கிடையாது. வெளிநாட்டுக்குப் போக வேண்டாம், நம் டெல்டாவுக்குள்ளேயே இந்தக் குழப்பம் உண்டு. பேரளத்தில் ஏறி அரை மணியில் காரைக்காலில் இறங்கினால் அது புதுச்சேரி. அங்கே தொகையும் விதியும் வேறு. காரைக்காலில் இருக்கும் தங்கைக்குக் கிடைத்தது திருவாரூர் மாவட்டத்து அக்காவுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று மனு எழுதியவர்களை எனக்குத் தெரியும். சான்றும் அட்டையும் நாடு முழுவதும் செல்லும். பணம் மட்டும் நீங்கள் குடியிருக்கிற அரசின் கணக்கு.

இப்போது அந்த 'ஏமாற்றுக்காரி' விஷயத்துக்கு வருகிறேன். 2016 சட்டத்தின் 91 ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கான பலனை மோசடியாகப் பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சொல்கிறது. இதைக் காட்டித்தான் சிலர் பயமுறுத்துகிறார்கள். மோசடி என்றால் இல்லாத குறையை இருப்பதாகக் காட்டுவது, போலிச் சான்று வைப்பது, கேட்ட கேள்விக்குப் பொய் எழுதுவது. வலியோடு நாலு மணி நேரம் கணக்கு எழுதுவது அல்ல. நம் பக்கத்தில் அலுவலக வாசலில் நிற்கிற தரகர்கள் முதலில் சொல்லித் தருவது என்ன தெரியுமா? 'தொழில் என்ற இடத்தில் இல்லை என்று எழுது.' வலங்கைமான் பக்கம் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற போலியோக்காரர் ஒருவர் அப்படி எழுதினார். விசாரணைக்குப் போன கிராம நிர்வாக அலுவலர் தன் வண்டிக்கே அவரிடம்தான் காற்றடித்துக்கொண்டிருந்தவர். உண்மையை எழுதியிருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கும், அவ்வளவு சொற்ப வருமானம். பொய்யை எழுதியதால் கோப்பு திரும்பியது, தரகருக்குக் கொடுத்த பணமும் போனது. ஆகவே நீங்கள், 'பட்டுக்கடையில் பகுதி நேரக் கணக்கு வேலை, நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், மாதம் ரூ.7,000' என்று அப்படியே எழுதுங்கள். கடை முதலாளியிடம் நேரத்தையும் சம்பளத்தையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். 'உடல்நிலை காரணமாக முழுநேரத்திலிருந்து பகுதி நேரத்துக்கு மாற்றப்பட்டார்' என்று ஒரு வாக்கியம் அதில் இருந்தால் அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. மனுவின் நகல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். பிறகு யார் புகார் எழுதினாலும், நீங்கள் மறைக்காத ஒன்றைத்தான் அவர் கண்டுபிடித்துச் சொல்ல முடியும்.

அரசே மாற்றுத்திறனாளிகள் வேலைக்குப் போய்வரப் பேருந்தில் இலவசப் பயண அட்டை தருகிறது. வேலைக்குப் போவது தகுதிக்குறைவு என்றால் அதை எதற்கு அச்சடிக்கிறார்கள்? சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை என்பதால் உங்களுக்கு இது அவசரம் இல்லை. ஆனால் கும்பகோணத்தில் மாறிப் போகிற புறநகர்ப் பேருந்துக்குச் சான்று கைக்கு வந்ததும் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, இந்த 1,500 ரூபாயைவிட உங்களுக்குப் பெரியதாக இருக்கலாம். அந்தக் கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? பத்து பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தக் கடை இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வர வேண்டும், பகுதி நேர ஊழியரும் அதில் அடக்கம். 21,000 ரூபாய்க்குள் மாதச் சம்பளம் இருப்பவர்களுக்கு இது. மாற்றுத்திறனாளி என்றால் வரம்பு 25,000. உங்கள் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், 7,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் 53 ரூபாய். முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். அதற்கு ஈடாக, மருத்துவமும் மருந்தும் போக, நோய்க்காக வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலைக்குப் போன நாளுக்கு இதைக் கேட்கக் கூடாது, போகாத நாளுக்கு மட்டும்தான். 34 நெடுநாள் நோய்களுக்கு, இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்தவர்களுக்கு, 80 சதவீதம் வரை நீட்டித்தும் தருகிறார்கள். மேலே சொன்னேனே, சட்டப் பட்டியலில் இடமில்லாத சிறுநீரகச் செயலிழப்பு, அது இந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒரு சட்டம் கைவிட்டவரை இன்னொரு சட்டம் பிடித்துக்கொள்கிற இடம் இது, டயாலிசிஸ் நோயாளிகளில் பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை என்பது என் அனுபவம். இஎஸ்ஐ போட்டால் வேலை எழுத்தில் பதிவாகிவிடுமே, ஓய்வூதியம் கெட்டுவிடுமே என்று சிலர் பயப்படுவார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இஎஸ்ஐயைத்தான் முதலில் பிடித்துக்கொள்வேன். கடையில் ஆள் ஐந்தாறு பேர்தான் என்றால் இந்தப் பேச்சே இல்லை. அப்போது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் உங்களுக்கு வருகிறதா என்பதையும் எழுதவில்லை. 2023 இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது, சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்குத் தகுதி இல்லை என்று வைத்தார்கள், பிறகு அத்தகைய குடும்பங்களில் உள்ள மற்றப் பெண்களுக்குத் தளர்த்தினார்கள். ஆகவே ஓய்வூதிய மனு கொடுக்கும் முன் தாலுகா அலுவலகத்தில் இதை நேரடியாகக் கேட்டுவிடுங்கள். 1,500 வந்து 1,000 போனால் கையில் மிஞ்சுவது 500 ரூபாய். அந்த 500க்காக எத்தனை நடை நடக்கலாம் என்பது உங்கள் முழங்கால் முடிவு செய்ய வேண்டியது.

சதவீதம் 40க்குக் குறைந்துவிட்டால்? வெள்ளை அட்டை வரும். அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மேல்முறையீட்டுக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. பின்னால் மூட்டு மோசமானால் மறுமதிப்பீடும் கேட்கலாம், அப்போது பழைய சான்று ஒப்பிடப் பயன்படும். நிலை மாறக்கூடியது என்று மருத்துவர் கருதினால் சில ஆண்டுகளுக்கு மட்டும் செல்லுபடியாகும் சான்றாகத் தருவார். முடக்குவாதத்துக்கு அப்படித் தருவது இயல்புதான், அவமதிப்பு இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கடுமையாகப் பேசுவேன். சான்றுக்கான மதிப்பீட்டு முகாமுக்குப் பத்து நாளுக்கு முன்பு மாத்திரையை நிறுத்திவிட்டால் கை வீங்கும், சதவீதம் கூடும் என்று யாராவது சொல்வார்கள். ஊருக்கு ஒருவர் இதைச் சொல்லவே இருக்கிறார். கேட்காதீர்கள். வீங்கிய மூட்டில் அரித்துப்போகிற எலும்பு மாத்திரையை மறுபடி தொடங்கினால் திரும்பி வளராது என்று என் மனைவிக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் படம் போட்டுக் காட்டினார். என் வீட்டிலேயே இந்த நோயோடு பதினொரு ஆண்டு இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

யுடிஐடி இணையதளத்தில் பதிவு செய்ய ஆதாரும் புகைப்படமும் போதும், பக்கத்து இ-சேவை மையத்திலேயே செய்து தருவார்கள். மதிப்பீட்டு நாளுக்குப் போகும்போது எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைத் தாள், மருந்துச் சீட்டுகளைத் தேதி வரிசையில் ஒரு உறையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சீட்டு எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது. எந்தக் கையால் எழுதுகிறீர்கள் என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வளையலையும் மோதிரத்தையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், மணிக்கட்டையும் விரலையும் மடக்கிப் பார்ப்பார்கள், அங்கே போய்க் கழற்ற முடியாமல் திண்டாட வேண்டாம். 'முடிந்த வரை மடக்குங்கள்' என்று சொன்னால் வலி தொடங்குகிற இடத்தில் நிறுத்தி, 'இதற்கு மேல் வலிக்கிறது' என்று சொல்லிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதும் மடக்கிக் காட்டாதீர்கள். கடைக்கு அன்று முழுநாள் விடுப்புச் சொல்லிவிடுங்கள், வரிசை இரண்டு மணிக்கு முன்னால் நகராது.